குறைந்த விலைக் கார்டுகளை எந்த மேசையில் சோதிப்பது?

கணினி விளையாட்டுக்கென்று விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டுகளில் குறைந்த விலையுடையவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் இயல்பான வேகத்தையும் ஓவர்கிளாக் செய்து உயர்த்திய வேகத்தையும் அடுத்தடுத்துப் பட்டைகளாக வரைந்து காட்டும் பரீட்சைகள், பணத்தைப் பற்றிக் கவலையில்லாத சிலருக்காக அல்லாமல், பல மாதங்கள் சேர்த்துவைத்த தொகையை ஒரே தடவையில் கொடுத்து ஒரு கார்டை வாங்கி, அதை நான்கைந்து வருஷங்களேனும் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான்யர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. அங்ஙனமாயின், அவை அந்தச் சாமான்யர்களின் வீட்டில் இருக்கக்கூடிய யந்திரத்தில் நடத்தப்படுவதே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. சந்தையில் கிடைப்பவற்றுள் அதிவேகமான சிபியு, புத்தம்புதிய மதர்போர்டு, தாராளமான பவர் சப்ளை ஆகியவற்றைத் திறந்த பலகையொன்றின் மீது அமைத்து, குளிர்ந்த அறையில் வைத்து, கார்டைவிடப் பல மடங்கு விலையுள்ள அந்தச் சூழலில் அதை ஓட்டிப் பார்த்துப் பிரசுரிக்கப்படும் எண்களை நம்பியே, ஆறு ஏழு வருஷப் பழமையான கணினியை வைத்திருக்கும் மாணவனும் குமாஸ்தாவும் தம் பணத்தைச் செலவிடுகிறார்கள்.

2019-ஆம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்றை விஸ்தாரமாகப் பார்ப்பது இவ்விஷயத்தை விளக்க உதவும். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1650 என்னும் கார்டை 149 டாலர் விலையில் வெளியிட்டபோது, அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னரே 169 டாலருக்கு அறிமுகமாகி, அப்போது 130 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டிருந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570 பெரும்பான்மையான விளையாட்டுகளில் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. 1650-ஐ ஓவர்கிளாக் செய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த லாபம் பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தமையால், அப்படி முயன்று உயர்த்திய பின்னும், யாதொரு முயற்சியும் செய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓடிய 570-ஐ அது பெரும்பாலும் தாண்டவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை: 1650-இன் நினைவகம் நொடிக்கு 128 ஜிபி தரவை அனுப்ப வல்லது, 570-இன் நினைவகமோ 224 ஜிபி அனுப்ப வல்லது. ஏரி நிறைய நீர் இருந்தும் மதகு குறுகலாக இருந்தால் வயலுக்குப் பாய்வது மதகின் அளவே என்பதைப்போல, கணக்கிடும் பாகத்தை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், அதற்கு வேண்டிய தரவு நினைவகத்திலிருந்து வந்துசேரும் வேகத்துக்கு மேல் படம் உருவாக முடியாது.

அதே வருஷம் நவம்பரில் 1650 சூப்பர் வந்தது. விலை 159 டாலர், அதாவது பத்து டாலர் மட்டுமே கூடுதல். கணக்கிடும் கோர்கள் 896-லிருந்து 1280 ஆயின. நினைவகம் ஜிடிடிஆர்6 வகைக்கு மாறி 192 ஜிபி வேகம் பெற்றது. பழைய 1650-ஐவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிக வேகமாக அது ஓடியது. ஓவர்கிளாக் செய்வதற்கென்றே பெரிய விசிறிகளும் தனி மின் இணைப்பும் பொருத்தி, 149 டாலருக்கு மேல் விலையிட்டு விற்கப்பட்ட 1650 கார்டுகளை வாங்கியவர்கள், அதே பணத்துக்கோ அதனினும் குறைவான பணத்துக்கோ அடுத்த வகுப்புக் கார்டையே பெற்றிருக்கலாம் என்பது இதனால் பிரத்தியட்சமாயிற்று. குறைந்த விலைக் கார்டில் ஓவர்கிளாக் வசதிக்காகத் தனியே பணம் கொடுப்பது பிரயோஜனமற்றது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் 1650-க்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். 570-க்கு 150 வாட் மின்சக்தி தேவை. 1650-க்கு 75 வாட் போதும். மதர்போர்டின் ஸ்லாட் தன்னளவில் கொடுக்கக்கூடியதும் அந்த 75 வாட்டே ஆதலால், அக்கார்டின் எளிய மாதிரிகள் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி எதையும் கேட்பதில்லை. அலுவலகங்களில் சில வருஷங்கள் உழைத்துவிட்டுப் பழைய சாமான் சந்தைக்கு வரும் கணினியை வாங்கி, அதில் ஒரு கார்டைச் செருகி விளையாட விரும்புகிற இளைஞர்கள் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய கணினிகளின் பவர் சப்ளை சிறியது. கார்டுக்கான தனி மின் இணைப்பு பெரும்பாலும் அதில் இருப்பதே இல்லை. அதை மாற்றலாமென்றால் சில மாதிரிகளில் பெட்டியின் அளவும் மதர்போர்டின் இணைப்பும் இடம் கொடுப்பதில்லை. அந்த இளைஞனுக்கு 570 எத்தனை வேகமானதாக இருந்தும் என்ன? அவன் கணினியில் அது ஓடவே ஓடாது. 1000 வாட் பவர் சப்ளை வைத்த பரிசோதனை மேசை இந்த வேறுபாட்டைக் காட்டும் சக்தியற்றது. பட்டைகளில் மேலே நிற்கும் கார்டை வாங்கி வந்து, அதைப் பொருத்த வழியில்லாமல் கடைக்குத் திரும்புகிறவனுக்கு அந்தப் பட்டைகள் நன்மை செய்தவை அல்ல.

இனி ஓவர்கிளாக் என்பதன் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஒரு சிப்பின் கடிகார வேகத்தைத் தயாரிப்பாளர் உத்தரவாதமளித்த எல்லைக்கு மேல் உயர்த்துவதே அது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் ஒன்றில் ஒரு கோட்டை வலப்புறம் நகர்த்தினால் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் பௌதிக விதி அத்தனை இணக்கமானதன்று. சிப் உண்ணும் மின்சக்தி, வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுவது. ஆகவே வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்த வோல்டேஜையும் பத்து சதவீதம் உயர்த்த நேர்ந்தால், மின்செலவும் உஷ்ணமும் ஏறக்குறைய 33 சதவீதம் உயரும். 75 வாட்டுக்குள் அடங்கியே தீர வேண்டிய கார்டு அந்த உயர்வை எங்கிருந்து பெறும்? அது தன் எல்லையை அடைந்தவுடன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. திரையில் நாம் அமைத்த எண் உயர்ந்து நிற்க, உள்ளே உண்மையான வேகம் பழைய இடத்துக்கே வந்து சேருகிறது. நினைவகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. ஜிடிடிஆர்5 வகை முதற்கொண்டு, தரவில் பிழை நேர்ந்தால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு இருப்பதால், அளவுக்கு மீறி விரைவுபடுத்திய நினைவகம் உடனே நின்றுபோவதில்லை. பிழைகளைத் திருத்தித் திருத்தி அனுப்புவதிலேயே காலத்தைக் கழித்து, முன்னிருந்ததைவிட மெதுவாக ஓடத் தொடங்கும். கார்டு நிலைகுலையாமல் ஓடுகிறதே என்று மகிழ்ந்திருப்பவர், தம் விளையாட்டின் வேகம் குறைந்திருப்பதை அளந்து பார்த்தாலன்றி அறியார்.

ஓவர்கிளாக்கின் மீது மக்களுக்கு உள்ள பக்தி காரணமற்று எழுந்ததன்று என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. 2002-இல் வந்த ரேடியான் 9500-இன் சில பலகைகளில், அணைத்துவைக்கப்பட்டிருந்த நான்கு பைப்லைன்களை மென்பொருள் மாற்றத்தால் உயிர்ப்பித்து, அதனினும் மிக விலையுயர்ந்த 9700-க்கு நிகராக்கிக்கொண்டவர்கள் உண்டு. 2010 ஜூலையில் 199 டாலருக்கும் 229 டாலருக்கும் இரு மாதிரிகளாக வந்த ஜிடிஎக்ஸ் 460, 675 மெகாஹெர்ட்ஸில் விற்கப்பட்டபோதிலும் 800-ஐ அநாயாசமாகத் தாண்டியது. 349 டாலர் விலையுள்ள 470-ஐ அது நெருங்கியபோது, சிறு பணத்தில் பெரும் பொருளைப் பெற்ற திருப்தி பலருக்கு உண்டாயிற்று. அக்காலத்தில் தயாரிப்பாளர்கள் எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவாக ஒரு தாழ்ந்த வேகத்தை நிர்ணயித்து, இடையில் தாராளமான இடைவெளி விட்டுவைத்தனர். 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 கொண்டுவந்த பூஸ்ட் என்னும் முறை அந்த நிலைமையை மாற்றிவிட்டது. உஷ்ணமும் மின்சக்தியும் இடந்தரும் அளவுக்குக் கார்டு தானே தன் வேகத்தை உயர்த்திக்கொள்ளத் தொடங்கியபின், வாங்குபவர் கைக்கு எட்டும்படி மிச்சமிருந்த இடைவெளி மிகச் சுருங்கிவிட்டது. காலம் மாறியும் பழைய நம்பிக்கை மாறாமல் இருப்பதைத்தான் இன்றைய விளம்பரங்கள் பயன்படுத்திக்கொள்கின்றன.

இவற்றோடு, எந்தச் சிப் எவ்வளவு உயரும் என்பதற்கு யாதொரு பிரமாணமும் இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு சிப்புகளில் ஒன்று 150 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் தாங்கும். மற்றொன்று 60-லேயே நின்றுவிடும். பரிசோதகர் கைக்கு வந்த ஒரே ஒரு கார்டு எட்டிய உயரத்தை, கடையில் வாங்குகிறவருக்கும் கிடைக்கப்போவதுபோல இயல்பு வேகத்தின் பட்டைக்கு அருகிலேயே வரைந்து வைப்பது சரியன்று. இயல்பு வேகம் வாங்குபவரின் உரிமை. ஓவர்கிளாக் வேகம் அவருக்கு வாய்த்தால் வாய்க்கும். இவ்விரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கார்டுகளைத் தரம் பிரிக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.

பட்டைகளின் மற்றொரு குறை, அவை சராசரியைக் காட்டுவது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிநொடியில் வர வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். அரை நொடிக்குள் 59 பிரேம்கள் வந்துவிட்டு, எஞ்சிய ஒரு பிரேம் மீதி அரை நொடியை விழுங்கினாலும் சராசரி 60 தான். ஆனால் விளையாடுகிறவர் கண்டது அரை நொடி உறைந்துபோன திரை. 2011-இல் டெக் ரிப்போர்ட் ஏட்டின் ஸ்காட் வாசன், நொடிக்குள் புகுந்து ஒவ்வொரு பிரேமின் காலத்தையும் தனித்தனியே அளக்கும் முறையை எடுத்துரைத்த பிறகே இவ்வுண்மை பரவலாக அறியப்பட்டது. மிகத் தாமதமாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்களை மட்டும் தனியே கணக்கிட்டுச் சொல்லும் எண் இப்போது பல பரீட்சைகளில் இடம்பெறுகிறது. குறைந்த விலைக் கார்டுகளுக்கு அந்த எண்ணே பிரதானமானது. ஏனெனில் இக்கார்டுகள் இடறுவது நினைவகக் கொள்ளளவில்தான்: 4 ஜிபி நிரம்பியதும் மிஞ்சிய படத்துணுக்குகள் மதர்போர்டின் வழியாகக் கணினியின் பொது நினைவகத்துக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது, அந்தப் பயணத்தில்தான் திரை உறைகிறது. கடிகார வேகத்தைக் கூட்டினால் சராசரி ஒன்றிரண்டு பிரேம் உயரலாம். இல்லாத நினைவகத்தை எந்த ஓவர்கிளாக்காலும் உண்டாக்க இயலாது.

இந்த இடத்தில்தான் எந்த மேசையில் சோதிப்பது என்னும் கேள்வி முழு வலிமையோடு எழுகிறது. 2022 ஜனவரியில் ஏஎம்டி 199 டாலருக்கு வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்னும் கார்டு, 4 ஜிபி நினைவகத்தோடும், மதர்போர்டுடன் பேசுவதற்கு நான்கே பாதைகளோடும் வந்தது. பிசிஐஇ நான்காம் தலைமுறை மதர்போர்டில் அந்த நான்கு பாதைகளில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி செல்லும். மூன்றாம் தலைமுறையில் 4 ஜிபி மட்டுமே. புதிய மதர்போர்டில் ஒருவாறு சமாளித்த அக்கார்டு, பழைய மதர்போர்டில் நினைவகம் நிரம்பிய விளையாட்டுகளிலெல்லாம் வெகுவாகப் பின்தங்கியது. 199 டாலர் கார்டை வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை மதர்போர்டை வைத்திருப்பவர்தானே! யாருக்காக அந்தக் கார்டு விற்கப்பட்டதோ அவர்களிடத்திலேயே அது மிக மோசமாக நடந்துகொண்டது. இதனினும் வருத்தம் தருவது, 4 ஜிபி நினைவகம் இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாது என்று அதே நிறுவனம் 2020-இல் தானே எழுதியிருந்தமை. பரிசோதகர்களில் சிலர் பழைய மதர்போர்டிலும் அதை ஓட்டிப் பார்த்தமையால் உண்மை வெளிவந்தது. அவர்கள் அவ்வாறு செய்யாதிருந்தால், எத்தனையோ பேர் தம் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி அலைந்திருப்பார்கள்.

இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580 இதையே வேறொரு வழியில் மெய்ப்பித்தது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு, 12 ஜிபி நினைவகத்தோடு அது வந்தபோது, அதனினும் 50 டாலர் கூடுதலான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு இணையாகவும் சில இடங்களில் மேலாகவும் ஓடியது கண்டு நானும் மகிழ்ந்தேன். இரு நிறுவனங்களின் பிடியில் இருந்த சந்தையில் மூன்றாவது ஒருவர் நியாயமான விலையோடு நுழைவது எல்லாருக்கும் நன்மை. ஆனால் அடுத்த மாதமே, ரைசன் 5 2600 போன்ற பழைய சிபியுக்களில் அதை வைத்துப் பார்த்தவர்கள், சில விளையாட்டுகளில் வரிசை தலைகீழாவதைக் கண்டனர். அக்கார்டின் டிரைவர் மென்பொருள் சிபியுவிடம் கேட்கும் வேலை அதிகம். அதிவேக சிபியு அச்சுமையை உணராமல் தாங்கிவிடுகிறது, பழைய சிபியு திணறுகிறது. கார்டு ஒன்றே, விளையாட்டும் ஒன்றே. மேசை மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது.

கார்டின் உண்மையான திறமையை அறிய வேண்டுமானால் வேறெதுவும் குறுக்கே நிற்காதபடி மிகச் சிறந்த சிபியுவோடு சேர்த்துச் சோதிப்பதே சாஸ்திரீயமான முறை என்று பரிசோதகர்கள் சொல்லும் சமாதானத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எந்தச் சிப் வலியது என்னும் கேள்விக்கு அது சரியான முறையே. ஆனால் கடைத்தெருவில் நிற்கிற மனிதர் கேட்பது அந்தக் கேள்வியன்று. என் கணினியில் எது நன்றாக ஓடும் என்பதே அவர் கேள்வி. அவருக்கு விடை சொல்ல இரண்டாவது மேசை ஒன்று அவசியம்.

பெயர்களின் குழப்பத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிடி 1030 என்னும் கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் வந்தது. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு 16.8 ஜிபி வேகத்தில் வந்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இல் 2560 கோர்களும் 8 ஜிபியும் இருந்தன. 2024-இல் அதே எண்ணோடு வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2304, நினைவகப் பாதையும் குறுகியது. மின்கம்பி வேண்டாத 70 வாட் கார்டு என்ற முறையில் பின்னதைப் பழைய அலுவலகக் கணினிக்கு நான் மனமார சிபாரிசு செய்வேன். ஆனால் வேறு பொருளுக்கு வேறு பெயர் இடுவதுதான் நாணயமான வியாபாரம். பழைய கார்டு வாங்குகிறவர்கள், ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048எஸ்பி என்னும் மாதிரி விற்கப்படுவதையும், அது உண்மையில் 570-க்கு இணையானதே என்பதையும் மனத்தில் கொண்டு, ஜிபியு-இசட் மென்பொருளில் கோர் எண்ணிக்கையைப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது நல்லது.

நம் பக்கத்து வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. பரிசோதனைக் கூடங்கள் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி உஷ்ணத்தில் இருப்பவை. சித்திரை வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ, ஏசி இல்லாத அறையொன்று பிற்பகலில் 35 டிகிரிக்குக் குறைவதில்லை. விசிறியின் வேகம் மாறாதிருக்கையில் அறை உஷ்ணம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே சிப்பின் உஷ்ணமும் ஏறும். உஷ்ணம் ஏற ஏறப் பூஸ்ட் வேகம் படிப்படியாக இறங்கும். குளிர்நாட்டுக் கூடத்தில் எட்டிய ஓவர்கிளாக் வேகம், மூடிய பெட்டிக்குள் தூசு படிந்த விசிறியோடு இங்கே நிலைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். நம் ஊர்களுக்குப் பொருத்தமானது அதற்கு நேர்மாறான முறை: வேகத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கார்டு நிலைகுலையாத எல்லையில் நிறுத்துவது. ஆர்எக்ஸ் 570, 580 போன்ற கார்டுகளில் இதனால் உஷ்ணமும் விசிறிச் சத்தமும் நன்றாகக் குறைகின்றன. உஷ்ணத்தால் இறங்கிய வேகமும் மீண்டு வருகிறது. இதைச் செய்து அளந்து காட்டும் பரீட்சைகள் ஓவர்கிளாக் பரீட்சைகளைவிட நமக்கு எத்தனையோ மடங்கு உபயோகமானவை.

தமிழில் இன்று கணினிப் பொருள்களைச் சோதித்துக் காட்டும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள்; அவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ரைசன் 5 3600-ஐ பி450 மதர்போர்டிலோ, இன்டெல் ஐ5 10400-ஐ அதற்குரிய மதர்போர்டிலோ வைத்து, 16 ஜிபி ரேமும் சாதாரண பவர் சப்ளையும் சேர்த்து, பெட்டியை மூடி, இரண்டாவது பரிசோதனை யந்திரம் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டு அமைப்புகளும் பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் ஓடுபவை. சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் விலைக்கு எளிதில் கிடைப்பவை. 20,000 ரூபாய்க்குட்பட்ட ஒவ்வொரு கார்டையும் அதில் ஓட்டி, மிகத் தாமதமான பிரேம்களின் எண்ணை முதலிலும் சராசரியை அதற்குப் பின்னும் சொல்லி, அன்றைக்கு அறையில் இருந்த உஷ்ணத்தையும் கூடவே குறிப்பிடுங்கள். ஓவர்கிளாக் செய்து பெற்ற எண்களை, எத்தனை கார்டுகளில் சோதித்துப் பெற்றவை என்ற விவரத்தோடு, வேறொரு பக்கத்தில் தனியாகக் கொடுங்கள்.